கல் விளைந்த வயிறு

எங்கள் ஊர் மண்ணில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் வண்டல், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே தண்ணீர். நாயை விரட்டுவதற்குக்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுக்க வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் மேற்கேயிருந்து வண்டி ஏறி வரும். அந்த மண்ணில் பிறந்து, அந்தச் சேற்றைத் தவிர வேறொன்றையும் மிதித்தறியாத என் அக்காவின் வயிற்றுக்குள் கல் விளைந்திருந்தது. அது எங்களுக்குத் தெரியவந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நான் அவளைவிட மூன்று வயது இளையவள்.

அதற்கு முன்னால் அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான். அவள் நடவில் நிமிர மாட்டாள்.

நன்னிலத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் எங்கள் தெரு. தெருவின் பெண்கள் எல்லோரும் ஒரே பண்ணையில் நடவு நட்டவர்கள். வரிசையாக நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே நடுவோம். கையில் இருக்கும் நாற்றுமுடி தீர்ந்ததும் எல்லோரும் நிமிர்வார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு, ஒரு வெற்றிலைத் துப்பல், வரப்பில் வெள்ளைக் குடையோடு நிற்கும் பண்ணையாரைப் பற்றி அவர் காதில் விழாத குரலில் ஒரு வசவு. அக்கா மட்டும் குனிந்தபடியே பக்கவாட்டில் கையை நீட்டுவாள். அடுத்த முடியை நான் அந்தக் கையில் வைக்க வேண்டும்.

வரிசையை நடத்தியவள் எங்கள் சித்தி, அப்பாவுடைய தம்பியின் மனைவி. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் சத்தம் போட்டாள்.

"எங்கக்கா ஒண்ணைப் பெத்தா பாருங்கடி, இடுப்புல கீலு வச்சு! மடிச்சா மடிச்சதுதான்."

"கீலுக்கு எண்ணெய் போடுங்க சித்தி, நிமிந்துரும்."

"எண்ணெய்க்கு எங்கடி போறது? தலைக்கே இல்ல."

அக்கா குனிந்தபடியே சிரிப்பாள். சேற்றுத் தண்ணீரில் அந்தச் சிரிப்பு கலங்கித் தெரியும். பண்ணையாரோ அவளைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார். "அந்தப் பொண்ணைப் பாருங்கடி. வேலைன்னா அது வேலை." அந்தப் பாராட்டு பிடிக்காமல் வரிசையில் ரெண்டு பேர் அவளோடு பேச்சை விட்டிருந்தார்கள்.

வயிற்றுவலி அவளுக்கு எட்டு வயதிலிருந்து உண்டு. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வரும். தொப்புளுக்கு மேலே ஒரு கம்பியை விட்டு முதுகுவரை முறுக்குவதுபோல் இருக்கிறது என்பாள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். சுட்ட மஞ்சள் கொம்பால் வயிற்றில் சூடு போட்டார்கள், நான்கு தழும்புகள் வரிசையாக இருக்கும். வலிக்குப் பயந்து அவள் சோற்றுக்குப் பயப்படத் தொடங்கினாள். பாதிக் கஞ்சியோடு கையைக் கழுவுவாள். நல்ல மாப்பிள்ளைக்காக விரதம் இருக்கிறாள் என்று தெரு பேசிக்கொண்டது. வீட்டில் அவள் மல்லாந்து படுத்து நான் பார்த்ததில்லை. உமி அடைத்த சாக்கு ஒன்று இருந்தது, அதன்மேல் வயிற்றை மடித்துக் கவிழ்ந்து கிடப்பாள்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேடைக்கு மேடை அடுக்குமொழி, வீதிக்கு வீதி தோரணம். கூலிச் சட்டம் வந்துவிட்டது என்று டீக்கடை ரேடியோ சொன்னது. டீக்கடைவரை வந்த சட்டம் வரப்பில் இறங்கவில்லை. தெருமுனையில் விவசாயக் கூலிகள் சங்கத்தின் கொடிமரம் நட்டார்கள். பண்ணையாரை இனிமேல் 'ஆண்டே' என்று கூப்பிடக் கூடாது என்றார்கள். சம்பா நாற்று பறிக்கும் பதத்துக்கு வந்த வேளையில், சட்டம் சொன்ன கூலி கிடைத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று தெரு முழுக்கக் கரையேறி உட்கார்ந்தது.

மற்றவர்களுக்கு முதுகு நிமிர்ந்தது. அக்காவுக்கு அது ஆகவில்லை. சும்மா உட்கார்ந்த நாலாம் நாளே வலி நாள்முழுக்க நீண்டது. கூடவே ஒரு தாகம். குடத்தைத் தூக்கி அண்ணாந்து அவள் குடிப்பதைப் பார்த்தால் வயலுக்குப் பாய்ச்சுவதுபோல் இருக்கும். குடித்தது நிற்காது, எழுந்து எழுந்து கொல்லைக்கு ஓடுவாள். ஓடிய இடத்தில் எறும்பு சாரை பிடித்தது. ரவிக்கை தோளில் தொங்கியது. வாய்க்கால் ஓரம் ஒதுங்கிவிட்டு வந்தவள் ஒருநாள், "தண்ணியில எண்ணெயா மெதக்குதுடி" என்றாள். எண்ணெயைக் கண்ணால் பார்க்காத வீட்டில் எங்கிருந்து எண்ணெய் என்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

எறும்பைப் பார்த்துவிட்டுச் சித்தி சொன்னதைத் தெரு ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

"ஏண்டி, பண்ணையார் வியாதியை நீ எப்படி குத்தகைக்கு எடுத்த?"

எங்கள் பக்கம் சர்க்கரை வியாதி என்றால் பண்ணையார்தான். வேலிக்கணக்கான நிலத்தில் நெல் விளைத்தவர், தட்டில் கோதுமைக் கஞ்சி. அம்மா அந்த வீட்டுக் கொட்டிலில் சாணி அள்ளியவள், அவருடைய பத்தியம் முழுக்க அவளுக்கு அத்துப்படி. பாகற்காய்ச் சாறு, காலை மாத்திரை, அரிசி ஆகாது. இன்னொன்றும் அம்மாவுக்குத் தெரியும். மாத்திரை தின்ற பிறகு சாப்பாடு தாமதமானால் அவருக்கு மயக்கம் வரும். அதற்காக வேட்டி மடியில் ஒரு கற்கண்டுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். இது வெளியே தெரியக் கூடாது என்று அந்த வீட்டில் கட்டளை. மயங்கி விழுகிறவன் அதட்டினால் எவன் பயப்படுவான்?

கடைத்தெரு டாக்டர் அக்காவின் சிறுநீரைக் குழாயில் விட்டுக் காய்ச்சினார். நீலமாக இருந்த மருந்து செங்கல் நிறத்துக்கு மாறியது. "சர்க்கரைதான். மாத்திரை தர்றேன். சோத்தை நிறுத்துங்க."

"நிறுத்தறதுக்குச் சோறு இருக்கணுமே டாக்டரு" என்றாள் அம்மா.

ஆனாலும் நிறுத்தினாள். அம்மா பார்த்திருந்த சர்க்கரை உடம்பு ஒன்றே ஒன்றுதான், தொந்தி சரிந்த அறுபது வயது உடம்பு. அதற்கு வெட்டிய சட்டையை அக்காவுக்கு மாட்டினோம். வேலைநிறுத்தத்தில் வீட்டுக்கு வந்த பிடி அரிசியும் அவள் கண்ணில் படாமல் எங்கள் கலயத்துக்குப் போனது. அவளுக்குக் கேழ்வரகுக் கூழும் பாகற்காய்ச் சாறும். "அதே மாத்திரைதான், நிறம்கூட அதேதான்" என்று அம்மா நம்பிக்கையோடு கொடுத்தாள். மாத்திரை உள்ளே போய் என்ன செய்ததோ, தாகம் குறையவில்லை. அவள்தான் குறைந்தாள். கையைப் பிடித்தால் என் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

பிறகு ஒரு காலையில் வாந்தி தொடங்கியது. பச்சைத்தண்ணீரும் தங்கவில்லை. மறுநாள் அவள் கத்தவும் தெம்பில்லாமல், நாய்க்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று கடைத்தெரு டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து பஸ் இல்லை.

பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தது எங்கள் பெண்கள்தான். நடவுக்கு வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு பண்ணை வாடகைக்குப் பிடித்த லாரி வந்திருந்தது. ஊர் எல்லைப் பாலத்தில் சித்தியும் மற்றவர்களும் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். லாரிக்குப் பின்னால் போலீஸ் வேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. லாரியின் மேலே இருந்தவர்களும் பெண்கள்தான், புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர்க்காரர்கள். கீழே இருந்தவர்களும் மேலே இருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கி அக்காவைப் பாலத்துக்குக் கொண்டுபோனோம். நடுரோட்டில் எங்கள் பிடியிலிருந்து நழுவி அவள் நின்றாள். கால்களை அகட்டி, இடுப்பை மடித்து, இரண்டு கைகளும் தரையைத் தொட. தார் ரோட்டில் நாற்று நடுபவளைப்போல.

சித்தி எழுந்து வந்தாள். அக்காவின் முதுகில் கையை வைத்தாள். அவள் வாயில் அப்போது கிண்டல் எதுவும் வரவில்லை.

"எவ்வளவு நாளாடி இப்படி?"

"எப்பவுமே இப்படித்தான் சித்தி" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

சித்தி லாரியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டிரைவரிடம் போனாள். "அண்ணே, வண்டியைத் திருப்புங்க. இந்தப் பொண்ணை ஏத்திக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. வண்டி திரும்பிருச்சுன்னா நாங்க எந்திரிச்சிர்றோம். போலீசுக்கும் வேலை மிச்சம்."

பண்ணை நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்காரர் வேனிலிருந்து குதித்தார். "நல்லாருக்கே! வயித்து வலின்னு நாடகம் போட்டு வண்டியைத் திருப்பப் பாக்கறியா? வாடகை குடுத்த வண்டிடா இது, நேரா வயலுக்கு விடு."

டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி லாரியின் மேல்பக்கம் திரும்பிப் பார்த்தார். மேலே லாரியில் ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். கறுத்து மெலிந்தவள், காதில் பாம்படம் தொங்கிய துளை. "தூக்கிக் குடுங்கத்தா புள்ளைய" என்றாள் எங்களிடம். காரியக்காரரிடம் திரும்பி, "எங்க ஊருல கல்லுதான் வெளையுது, வயித்துப்பாட்டுக்கு வந்தோம். பொணத்தைத் தாண்டிப் போயி நடறதுக்கு வரல" என்றாள்.

டிரைவர் வண்டியைத் திருப்பினார். வெளியூர்ப் பெண்கள் துணிமூட்டைகளை அடுக்கி, அதன்மேல் அக்காவைக் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே. வழியெல்லாம் அந்த அம்மாள் அவள் முதுகை நீவிக்கொண்டே வந்தாள். அன்று நடவு நடக்கவில்லை என்பதைச் சித்தி கடைசிவரை ஒரு வெற்றியாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த லாரி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலும் இன்னும் பல்லில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்றிய தண்ணீர் இரண்டு நாளில் அவளைப் பேச வைத்தது. மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். எங்களிடம் ஒரே ஒரு கேள்வியோடு ஆரம்பித்தார்.

"முதல்ல வந்தது எது? வலியா, சர்க்கரையா?"

"வலிதாங்க. சின்னப் புள்ளையிலேர்ந்து. சர்க்கரை இந்த வருஷந்தான்."

"சாப்பிட்டா வலிக்குமா? குனிஞ்சா குறையுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கட்டிலில் மடங்கிக் கிடந்த அக்காதான் சொன்னாள். "கொறையும் சார். நடவுல குனிஞ்சா வலியே தெரியாது. அதுக்குத்தான் நிமிர மாட்டேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் மகள் சுறுசுறுப்பு என்று பெருமைப்பட்டவள்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பு ஒரு வரப்புபோல மேலிருந்து கீழே இறங்கியது. அதற்குக் குறுக்கே, யாரோ கைநிறைய வாரி வீசினாற்போல வெள்ளைப் புள்ளிகள்.

"இதெல்லாம் கல்லு."

"எங்க ஊருல கல்லே கெடையாதுங்களே" என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்துவிட்டு, அம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒரு உறுப்பு படுத்திருக்கும்மா. சோறு செரிக்கத் தண்ணி விடறது அதுதான். அந்தத் தண்ணி போற வாய்க்கால்ல கல்லு அடைச்சிருக்கு. போக வழியில்லாம அந்த இடமே புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகித் தழும்பாப் போச்சு. கொழுப்பு செரிக்காம எண்ணெயாப் போகுமே, கவனிச்சிருக்கீங்களா?"

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சர்க்கரையைக் கட்டுப்படுத்தற இன்சுலின் சுரக்கறதும் அதே இடத்துலதான். தழும்பு அதையும் தின்னுருச்சு. அதான் இப்ப சர்க்கரை."

"எங்க பண்ணையாருக்கும் சர்க்கரைதாங்க. இதே மாத்திரைதான் திங்கறாரு, நல்லாத்தான் இருக்காரு" என்றாள் அம்மா.

"பேருதான் ஒண்ணு. அவருக்குக் கணையம் சுரக்குது, உடம்புதான் அது சொல்றதைக் கேக்கறதில்லை."

"அவரு உடம்புலயும் ஸ்டிரைக்குங்களா?"

இந்தமுறை அக்காவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அப்படியே வச்சுக்கங்க" என்றார் டாக்டர். "கத்திக் கத்தி அவரோட கணையமும் ஒருநாள் ஓயும். அதுவரைக்கும் மாத்திரை குடுத்து முடுக்கலாம். இங்க முடுக்கறதுக்கு உள்ள ஆளே இல்லை. இவளுக்கு ஊசிதான். அப்புறம் ஒண்ணு, பட்டினி போட்டது போதும். சோறு போடுங்க."

அம்மா அந்தச் சொல்லைக் கேட்டு அழுத அழுகையை நர்ஸ் வந்து அதட்டித்தான் நிறுத்தினாள்.

கிளம்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியாக ஜன்னலோரம் கூப்பிட்டார், ஊசி போடக் கற்றுக்கொண்டவள் நான் என்பதால். "ஊசி போட்டு அரைமணியில அவ சாப்பிட்டே ஆகணும். சாப்பிடலைன்னா ரத்தத்துல சர்க்கரை சரசரன்னு இறங்கும். மத்தவங்களுக்கு அப்படி இறங்கினா, ஏத்திவிடறதுக்கும் கணையத்துலயே ஒரு சுரப்பு உண்டு. இவளுக்கு அதுவும் போயிருச்சு. இறங்கினா இறங்கினதுதான், ஆளு போயிரும்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. வலி ஒருநாள் தானா நிக்கலாம். நின்னா ரொம்ப சந்தோஷப்பட்டுறாத. எரியறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்லைன்னு அர்த்தம்."

ஊசி மருந்தை ஈரமணல் போட்ட பானைக்குள் வைத்தோம். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைக்க ஒரு சின்னச் சட்டி. எல்லாம் இருந்தது, சோறு இல்லை. வேலைநிறுத்தம் அறுந்தும் அறுபடாத கயிறு மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது. வீடுகளில் அடுப்பு அணைந்து, தெருவுக்கே ஒரே கஞ்சித்தொட்டி. கொடிமரத்தடியில் பெரிய அண்டாவை ஏற்றி, பக்கத்து ஊர்களில் சங்கம் வாங்கிவந்த பிடி அரிசியைக் கொட்டிக் காய்ச்சுவார்கள். அண்டாவுக்குச் சித்திதான் காவல். முதல் அகப்பை அக்காவுக்கு என்று அவளே சொல்லிவிட்டாள். அரிசி பாதி வெந்ததும் தெருவே அதிரக் கத்துவாள்.

"ஊசிக்காரி! போடலாம்டீ!"

நான் போடுவேன். கஞ்சி வெந்து, ஆறி, வருவதற்கு அரைமணி சரியாக இருக்கும். அந்த அரைமணியைப்போல ஒரு நீளத்தை நான் வாழ்க்கையில் அறிந்ததில்லை. அக்கா சுவரில் சாய்ந்திருப்பாள். நான் அண்டாவின் புகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றும் சித்தி கத்தினாள். அன்றும் போட்டேன். சிரிஞ்சைக் கழுவி வைப்பதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது.

பண்ணை ஆட்கள் தடிகளோடு இறங்கினார்கள். போலீஸ் வேன் எட்ட நின்றது. அதற்கும் பின்னால் காரில் பண்ணையார். பொது இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது என்று காரியக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் அண்டாவை உதைத்தான். வெந்து கொண்டிருந்த கஞ்சி வெள்ளையாகத் தெருவில் ஓடி, எங்கள் கல் இல்லாத மண் அதை அப்படியே குடித்தது. சித்தி கவிழ்ந்த அண்டாவின்மேல் விழுந்து அதைக் கட்டிக்கொண்டாள். மிச்ச அரிசி மூட்டையை டிராக்டரில் ஏற்றினார்கள்.

நான் உள்ளே திரும்பினேன். அக்காவின் ரவிக்கை நனைந்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது, கை பனிக்கட்டி. "அம்மா" என்று என்னைக் கூப்பிட்டாள். "நாத்து காயுது பாரும்மா" என்றாள். பிறகு காரணமில்லாமல் சிரித்தாள். வீட்டில் வெல்லம் இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை. எதிர்வீட்டுப் பானைகளைக் கவிழ்த்தேன், உப்பு இருந்தது.

அம்மா வாசலில் நின்று ஒருமுறை தெருவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நேராகக் காரை நோக்கி நடந்தாள். ஒரு போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். அம்மா குனிந்து அதன் அடியில் நுழைந்தாள்.

"மடியில இருக்கறதைக் குடுங்க" என்றாள்.

காரியக்காரர் பாய்ந்தார். "யாருகிட்ட வந்து என்ன பேச்சு பேசற? என்னடி மடியில?"

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாத்திரை தின்னுட்டு மயக்கம் வந்தா வாயில போட்டுக்கறீங்களே, அந்தக் கல்கண்டு. எம்பொண்ணுக்கு அதே மயக்கம் வந்திருக்கு. ஊசி போட்டாச்சு, சோத்தைத்தான் நீங்க கொட்டிட்டீங்க."

எல்லோரும் கேட்டார்கள். போலீஸ்காரர்கள், தடி பிடித்தவர்கள், அண்டாவைக் கட்டிக்கொண்டிருந்த சித்தி. பண்ணையாரின் முகத்தில் அப்போது இருந்ததைக் கோபம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். சட்டையைக் கழற்றச் சொல்லி நடுத்தெருவில் நிறுத்தினால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்குமோ அது. அவர் கை மடிக்குப் போனது. நின்றது. அம்மா உள்ளங்கையை நீட்டியபடியே நின்றாள். 'ஆண்டே' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்தக் கை இன்னும் வேகமாக வந்திருக்கலாம். அம்மா சேர்க்கவில்லை.

பொட்டலம் வந்தது. அம்மா ஓடிவந்தாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கற்கண்டைக் குழவியால் நசுக்கி, அக்காவின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் தடவினேன். விழுங்கினாள். மறுபடி தடவினேன். அவள் கண்கள் எங்கோ போய்க்கொண்டிருந்தன. வாசலில் நிழல்கள் கூடின. வெளியே டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது, பிறகு கார்.

வெகுநேரம் கழித்து அக்கா உதட்டை நக்கினாள்.

"என்னடி இது, இனிக்குது?"

"கல்கண்டு."

"எனக்குத்தான் சர்க்கரை ஆகாதேடி" என்றாள் அவள். சித்தி வாசற்படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

அதனால் எதுவும் மாறிவிடவில்லை. மறுநாளே சித்திமேல் வழக்குப் பதிந்தார்கள். பண்ணையார் வழக்கை வாபஸ் வாங்கவும் இல்லை, அரிசி மூட்டையைத் திருப்பித் தரவும் இல்லை. அன்று அவர் மனம் இளகிவிட்டது என்று பின்னாளில் சிலர் கதை கட்டினார்கள். நான் நம்பவில்லை. நாற்று முற்றி வீணாகிக்கொண்டிருந்தது, அதிகாரிகள் வந்து பேசினார்கள், கேட்டதில் முக்கால்வாசிக் கூலிக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. கூலிக்கு நடவு நட்ட எங்கள் தெருவில் இன்று வாத்தியார்கள் இருக்கிறார்கள், சொந்த வயல் உள்ளவர்கள் இருக்கிறார்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அது பண்ணையார் வியாதியாக இருந்த காலம் போய்விட்டது. அக்காவின் வயிற்றில் கல் எதனால் விளைந்தது என்று யாராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பஞ்சத்தில் தின்ற மரவள்ளிக்கிழங்கு என்றார்கள், பிறகு அது இல்லை என்றார்கள். பிறவியிலேயே ஏதோ என்கிறார்கள் இப்போது. நான் செய்வது ஒன்றுதான். ஒல்லியான பிள்ளைக்குச் சர்க்கரை வந்துவிட்டது, மாத்திரைக்குக் கேட்க மாட்டேன் என்கிறது என்று யாராவது என் காதுபடச் சொன்னால், தெரியாதவர்களானாலும் குறுக்கிட்டு விடுகிறேன். "அதுக்கு முன்னாடி வயிறு வலிச்சுதா? குனிஞ்சா குறைஞ்சுதா?" பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அந்த வருஷத்து நடவு தாமதமாகத் தொடங்கியது. அக்காவை வர வேண்டாம் என்று அம்மா தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. ஊசி போட்டு, என் கண்முன்னே ஒரு கலயம் சோறு தின்றுவிட்டுத்தான் வயலில் இறங்கினாள். இன்னொரு தூக்குவாளிச் சோறு வரப்பில் இருந்தது. வழக்கம்போல் நான் அவளுக்கு இடப்பக்கம். சித்தி பாட்டெடுத்தாள். வரிசை பின்னால் நகர்ந்தது.

முடி தீர்ந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் அடுத்த முடியோடு கையை நீட்டினேன். அக்காவின் கை வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து நின்றாள். சேறு வழிகிற கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, முகத்தில் நேராக வெயில் விழ. என் அக்கா இவ்வளவு உயரமானவள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அடியே! கீலு கழண்டுருச்சுடி!" சித்தி கூவினாள். வரிசை முழுக்கக் குலவை போட்டது. அவளோடு பேச்சை விட்டிருந்த ரெண்டு பேரும் போட்டார்கள். அடுத்த வயலில் மடையைத் திறந்து கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் குலவை போடவில்லை. டாக்டர் ஜன்னலோரம் தயங்கி நின்று சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் அந்த ஜன்னலுக்கும் எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

"வலிக்கலடி" என்றாள் மெதுவாக. குலவைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "கொஞ்சங்கூட வலிக்கல."

வயிற்றில் சேற்றுக் கையை ஒருமுறை வைத்து எடுத்தாள். பிறகு வரப்பைக் காட்டினாள்.

"நிக்காத. அந்த வாளியைக் கொண்டா. நேரத்துக்குச் சோறு திங்கணும்."